ரஜாவும் ராஜிநாமாவும்

லீவு என்று நாம் இன்று சொல்வதற்கு நம் தாத்தாக்கள் காலத்தில் 'ரஜா' என்று பெயர். வேலையை விட்டுப் போகிறவன் எழுதிக் கொடுக்கும் கடிதத்துக்கு அன்றும் இன்றும் 'ராஜிநாமா' என்று பெயர். இந்த இரண்டு சொற்களும் உடன்பிறந்தவை என்று நேயர்களுக்குச் சொன்னால் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருக்கும். அரபு மொழியில் ஒரே தாய் வயிற்றில் பிறந்து, பாரசீகத்தில் வளர்ந்து, நவாபுகளின் கச்சேரி வாசல் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தவை அவை. 'ரஜா' என்றால் சம்மதம். எஜமானர் மனம் ஒப்பி, "சரி, போய் வா" என்று தலையை அசைப்பது. 'ராஜி' என்றால் சம்மதப்பட்டவன். 'நாமா' என்றால் பத்திரம். ஆகவே ராஜிநாமா என்பது சம்மதப் பத்திரம். நான்கு நாள் ஊருக்குப் போவதற்கும், ஒரேயடியாகப் போய்விடுவதற்கும் பழைய கச்சேரியில் ஒரே வேர்ச்சொல் போதுமானதாக இருந்தது.

வெள்ளைக்காரன் பாஷையும் இதில் வேறு வழி போகவில்லை. அவனுடைய 'லீவ்' என்ற சொல்லுக்கும் அனுமதி என்று ஒரு பொருள், விட்டுப் போதல் என்று இன்னொரு பொருள். லீவு எடுப்பதற்கும் வேலையை விடுவதற்கும் நடுவில் இருக்கும் சுவர் மிக மெல்லியது என்பதைச் சொற்களே காட்டிக் கொடுத்துவிடுகின்றன. அந்தச் சுவர் எப்படி எழும்பியது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

இந்த ஆராய்ச்சியில் என்னை இழுத்துவிட்டவன் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு வாலிபன். திருநெல்வேலிச் சீமைக்காரன். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஐந்து வருஷமாக வேலை. ஆவணி மாதத்தில் அவன் தங்கைக்குக் கல்யாணம். தகப்பனார் காலமாகிவிட்டபடியால், பந்தல்காரனிடம் பேசுவதிலிருந்து மாப்பிள்ளையைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வருவது வரையில் எல்லாம் அவன் தலையில்தான். எட்டு நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்து, மேனேஜரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். நெல்லை எக்ஸ்பிரஸில் இடமும் பதிவு செய்தாகிவிட்டது. இந்தச் சமயம் பார்த்து ஒரகடத்துப் பக்கத்தில் ஒரு பெரிய தொழிற்சாலையிலிருந்து அவனுக்கு வேலை உத்தரவு வந்தது. சம்பளம் கணிசமாகக் கூடுதல். ஆனால் ஆவணி பிறந்தவுடனே வந்து சேர வேண்டும். முதல் ஆறு மாதத்துக்கு லீவு கிடையாது.

"அண்ணாச்சி, ஐஞ்சு வருஷம் உழைச்சுச் சேர்த்த லீவு. கையெழுத்தும் போட்டாச்சு. இப்ப அது யாருக்குச் சொந்தம்? எனக்கா, பழைய கம்பெனிக்கா? புதுக் கம்பெனிக்காரன் அதை ஏத்துக்கிடுவானா?" என்று கேட்டான்.

கதை எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது! எழுத்தாளனுக்கு வருஷம் முழுவதும் லீவு என்று வீட்டில் உள்ளவர்களே நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் கேள்வி மனத்தில் தைத்துவிட்டது. சட்டப் புத்தகங்களையும் பழைய அறிக்கைகளையும் புரட்டத் தொடங்கினேன்.

உத்தியோகத்திலிருந்து ஊருக்குப் போகிறவனைப் பற்றி நம் நாட்டில் எழுதி வைத்திருப்பது மிகப் பழைய சங்கதி. தஞ்சைப் பெரிய கோவில் சுவரில், ராஜராஜ சோழன் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பட்டியல் இருக்கிறது. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். பங்கு பெறுகிறவர் இறந்து போனாலோ, தேசாந்திரம் போய்விட்டாலோ, அடுத்த உறவினர் அந்த இடத்துக்கு வந்து அந்த நெல்லைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். செத்தவனையும் வெளியூர் போனவனையும் ஒரே வரியில் சேர்த்திருக்கிறார்கள் பாருங்கள்! போனவன் திரும்பி வந்தால் என்ன செய்வது என்ற யோசனை அந்தச் சாசனத்தில் இல்லை. வேலை குடும்பத்துக்குச் சொந்தம். ஒருவன் போனால் அவன் தம்பி வந்து நிற்பான். அந்த ஏற்பாட்டில் லீவு என்ற பேச்சே எழ நியாயமில்லை.

சம்பளத்துடன் லீவு என்ற விநோதத்தை இந்த நாட்டில் பெரிய அளவில் அநுபவித்தவர்கள் கும்பினியாரின் வெள்ளை உத்தியோகஸ்தர்கள். 'பர்லோ' என்று அதற்குப் பெயர். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கொண்டு கப்பல் இங்கிலாந்து போய்ச் சேரவே பல மாதம் ஆகும். போய், கல்யாணம் செய்து கொண்டு, காய்ச்சலையும் கல்லீரலையும் சரிப்படுத்திக் கொண்டு திரும்ப வேண்டுமானால் வருஷக் கணக்கில் லீவு கொடுத்துத்தானே ஆக வேண்டும்? ஆஸ்திரேலியாவிலும் 1860-களில் விக்டோரியா, தென் ஆஸ்திரேலியா மாகாணங்களின் அரசாங்க ஊழியர்கள் தாய்நாட்டைப் பார்த்துவிட்டு வருவதற்காக நீண்ட லீவு ஏற்பட்டது. கப்பல் காலம் போய் ஆகாய விமான காலம் வந்த பிறகும் 'நெடுஞ்சேவை லீவு' என்ற பெயரில் அந்த நாட்டுத் தொழிலாளிகள் எல்லோருக்கும் அது நிலைத்துவிட்டது.

அதே காலத்தில் இங்கே கறுப்பு மனிதனுக்கு என்ன சட்டம் இருந்தது? 1859-ல் 13-வது சட்டம் என்று ஒன்று வந்தது. முன்பணம் வாங்கிக் கொண்டு வேலைக்கு வந்த தொழிலாளி வேலையை விட்டுப் போனால் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்தலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேலைக்குத் திரும்பு என்று உத்தரவிடலாம். இரண்டும் செய்யாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. ஆரம்பத்தில் கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்கு என்று செய்த சட்டம் பிறகு பல ஜில்லாக்களுக்கும் பரவியது. 1925-ல் அதை ரத்து செய்யத் தீர்மானிக்கும் வரையில், ராஜிநாமா என்பது ஏழைக்குக் குற்றமாகவே இருந்தது.

கடல் கடந்து போன நம்மவர்கள் கதை இன்னும் சோகமானது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 'துண்டு' முறை என்று ஒன்று இருந்தது. நம் தமிழ்ச் சொல்தான். ஆங்கிலேயன் தன் சட்டப் புத்தகங்களிலும் அதை அப்படியே எழுதிக் கொண்டான். ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் தோட்டத் துரையிடமிருந்து ஒரு துண்டுச் சீட்டு வேண்டும். 'கீழ்க்கண்ட கூலியாட்களின் கடன் இவ்வளவு. இதைக் கட்டிவிட்டால் இவர்களை விட்டுவிடச் சம்மதம்' என்று அதில் எழுதியிருக்கும். புதுத் துரை கடனைக் கட்டுவார். கடன் புதுத் தோட்டத்துப் பேரேட்டில் ஏறிக் கொள்ளும். வேலை மாறினால் சேர்த்து வைத்த லீவு கூடவே வருமா என்று எங்கள் தெருப் பையன் கேட்கிறான். அன்றைய கண்டிச் சீமைத் தமிழனுக்குக் கூடவே வந்தது கடன் ஒன்றுதான். 1921-ல் இந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

இனி நம் மில்களுக்கு வருவோம்.

1918 ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா தலைவர், செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சுலு நாயுடுவும் அதற்கு அடிகோலியவர்கள், திரு.வி.க. அதற்குத் தமிழ் கொடுத்தவர். பெரம்பூர் பக்கிங்ஹாம்–கர்நாடிக் மில் தொழிலாளிகள் முதன்முதலில் சொன்ன குறைகளில் ஒன்று, மத்தியானம் சோறு தின்னக் கொடுக்கும் நேரம் போதவில்லை என்பது. வருஷத்தில் பத்து நாள் லீவு என்பதெல்லாம் அப்போது கனவில்கூட இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வே சமீபத்தில் வந்த பாக்கியம். 1881 தொழிற்சாலைச் சட்டம் குழந்தைத் தொழிலாளிகளுக்கு மட்டும் மாதம் நான்கு நாள் ஓய்வு கொடுத்தது. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே பெரிய கூட்டங்கள் கூட்டிக் கிளர்ச்சி செய்து, 1890-ல் மில் முதலாளிகளிடம் ஞாயிற்றுக்கிழமையை வாங்கித் தந்தார்.

அப்படியானால் மில் தொழிலாளி ஊருக்கே போகவில்லையா? போனான். அறுவடைக்குப் போனான்; அம்மை கண்ட குழந்தையைப் பார்க்கப் போனான்; தங்கை கல்யாணத்துக்கும் போனான். எப்படிப் போனான் என்றால், வேலையை விட்டுவிட்டுப் போனான். திரும்பி வந்து மில் வாசலில் நின்றால் அவன் இடத்தில் வேறொருவன் இருப்பான். பம்பாயில் அவனுக்குப் 'பத்லி' என்று பெயர், இங்கே மாற்றாள். மறுபடியும் உள்ளே போவதற்கு மேஸ்திரிக்கு மாமூல் அழ வேண்டும். மேஸ்திரிக்கு இதில் நல்ல வரும்படி. ஆகவே ஆட்கள் அடிக்கடி ஊருக்குப் போய் வருவதில் அவனுக்கு ஆட்சேபம் கிடையாது. லீவு எடுப்பதும் வேலை மாறுவதும் ஒன்றாகவே இருந்த காலம் அது. 'இந்தியத் தொழிலாளி ஒரு வேலையில் நிலைத்து நிற்க மாட்டான், நாடோடி' என்று முதலாளிகள் அங்கலாய்த்தார்கள். நிற்க விட்டால்தானே நிற்பதற்கு!

1929-ல் விட்லி என்பவர் தலைமையில் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய ராயல் கமிஷன் ஒன்று வந்தது. நம்முடைய வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரும் அதில் ஓர் அங்கத்தினர். 1931-ல் வெளியான அந்த அறிக்கையைப் பற்றி எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. தொழிலாளிக்கும் அவன் கிராமத்துக்கும் உள்ள தொடர்பை ஒரு நோய் என்று கமிஷன் கருதவில்லை. அது ஒரு பலம், அதை அறுக்கப் பார்க்காமல் ஒழுங்குபடுத்துங்கள் என்றது. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று லீவு கேட்கும்படி தொழிலாளிகளைப் பழக்க வேண்டும். குறித்த தேதியில் திரும்பி வந்தால் பழைய வேலை அவர்களுக்கு உண்டு என்று வாக்குக் கொடுத்து அனுப்ப வேண்டும் என்றது. இப்போது படித்தால் இது ஒரு பெரிய காரியமாகத் தோன்றாது. ஆனால் திரும்பி வருவேன் என்று ஒருவன் சொல்வதையும், உன் இடம் இருக்கும் என்று இன்னொருவன் சொல்வதையும் ஒரு காகிதத்தில் எழுதி வைக்கச் சொன்னது அங்கேதான்.

உலகத்திலும் அந்தச் சமயத்தில் காற்று மாறிக் கொண்டிருந்தது. 1936-ல் ஜெனிவாத் தொழிலாளர் மகாநாடு, ஒரு வருஷம் வேலை செய்தவனுக்குக் குறைந்தது ஆறு வேலை நாள் சம்பளத்துடன் லீவு என்று ஒப்பந்தம் வகுத்தது. அந்த லீவை வேண்டாம் என்று தொழிலாளியே எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது என்று ஒரு ஷரத்தும் வைத்தது. அதே 1936 கோடையில் பிரான்சு தேசத்தில் தொழிலாளிகள் தொழிற்சாலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலை நிறுத்தம் செய்து இரண்டு வார லீவை வாங்கினார்கள். அந்த அரசாங்கத்தில் இருந்த லியோ லாக்ரான்ஜ் என்ற மந்திரி, லீவில் போகிற தொழிலாளிக்கு ரயில் கட்டணத்தில் நூற்றுக்கு 40 தள்ளுபடி வாங்கிக் கொடுத்தார். லீவு மட்டும் கொடுத்து டிக்கெட்டுக்குப் பணம் இல்லாமல் போனால் என்ன பிரயோஜனம் என்று யோசித்த மந்திரி! பிரிட்டனில் 1938-ல் இதற்குச் சட்டம் வந்தது. நம் நாட்டுத் தொழிற்சாலைகளுக்கு 1945-ல் நிறைவேறிய திருத்தச் சட்டம் வருஷத்துக்குப் பத்து நாள் கொடுத்தது. சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948-ல், பெரிய தொழிற்சாலைச் சட்டம் வந்தது. அதை 1954-ல் திருத்திய பிறகு, வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவனுக்கு இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் மறு வருஷத்தில் லீவு என்று கணக்கு நிலைத்தது.

சட்டப் புத்தகம் என்றாலே கொட்டாவி விடுகிற நேயர்கள் இந்த 79-வது பிரிவை மட்டும் ஒரு தரம் படித்திருந்தால் மனம் மாறியிருப்பார்கள். ஒரு நாவலுக்குள்ள திருப்பங்கள் அதில் இருந்தன. வேலையை விட்டுப் போகிறவனின் லீவு என்ன ஆகும்? முதலாளி அவனை வெளியே அனுப்பினால், எடுக்காத லீவுக்கு இரண்டு வேலை நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும். அவனே விலகினால்? அங்கேதான் விசித்திரம். 'லீவுக்கு விண்ணப்பித்து, அது கிடைக்காமல்' விலகியிருந்தால் அவனுக்குப் பணம் உண்டு. சென்னை ராஜதானியில் கடைகளுக்கும் காரியாலயங்களுக்கும் 1947-ல் ஏற்பட்ட சட்டத்திலும் இதே கருத்து. கேட்டு, மறுக்கப்பட்டு, அதன் பிறகு போகிறவனுக்கு லீவு பணமாகும். கேட்காமலே வாயை மூடிக் கொண்டிருந்துவிட்டுப் போனவனுக்கு?

சட்டம் மௌனம் சாதித்தது. சேர்த்து வைப்பது சிக்கனம், லீவே எடுக்காதவன் உத்தமமான தொழிலாளி என்று நமக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த உத்தமமான தொழிலாளிதான் ராஜிநாமா செய்கிறபோது வெறுங்கையோடு போக வேண்டியிருந்தது. மாதா மாதம் மனுப் போட்டு மேனேஜரின் பொறுமையைச் சோதித்தவனுக்குக் கையில் சாட்சி இருந்தது. வேலையை விட உத்தேசித்திருந்த விவரமறிந்தவன் முதலில் ஒரு லீவுக் கடிதம் கொடுத்து, அதன்மேல் 'இயலாது' என்று எழுதி வாங்கி வைத்துக் கொண்டு, பிறகு ராஜிநாமாக் கடிதம் எழுதுவதுதான் புத்திசாலித்தனம். மறுக்கப்பட்ட லீவுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. சாதாரணமாக முப்பது நாளுக்கு மேல் லீவைச் சேர்த்து வைக்க முடியாது. கேட்டு மறுக்கப்பட்ட லீவுக்கு மட்டும் அந்த வரம்பு கிடையாது.

இந்தக் குறையைத் தீர்க்க 1976 வரை ஆயிற்று. அந்த வருஷத் திருத்தத்தில், நீக்கப்பட்டவன், ஓய்வு பெற்றவன், பணியில் இருக்கும்போதே இறந்தவன் ஆகியவர்களோடு, தானாகவே வேலையை விட்டவனும் சேர்க்கப்பட்டான். 240 நாள் பூர்த்தியாகாவிட்டாலும் இருபதுக்கு ஒன்று கணக்கு உண்டு. 150 நாள் வேலை செய்துவிட்டு ஒருவன் விலகினால் ஏழரை நாள். அரை நாளை முழு நாளாக எண்ண வேண்டும் என்று சட்டம் சொன்னதால் எட்டு நாள் சம்பளம், இரண்டு வேலை நாளுக்குள். தளிச்சேரிக் கல்வெட்டைப் போலவே இங்கும் செத்தவனும் விலகினவனும் ஒரே வரியில் வந்துவிட்டதைக் கவனியுங்கள். இந்த முறை அது விலகினவனுக்கு நன்மையாக முடிந்தது.

அரசாங்க உத்தியோகஸ்தர்கள் பாடு வேறு. 1922-ல் அமலுக்கு வந்த அடிப்படை விதிகளிலேயே, லீவை உரிமையாகக் கேட்க முடியாது என்று ஒரு விதி உண்டு. நவாபு கச்சேரியின் 'ரஜா' அங்கே இன்னும் உயிரோடிருக்கிறது. ஆனால் ஓர் இலாகாவிலிருந்து இன்னொரு இலாகாவுக்கு முறைப்படி அனுமதி பெற்றுப் போனால், சேர்த்த லீவு கூடவே போகும். சர்க்காரைவிட்டே ராஜிநாமா செய்தால் மத்திய அரசு ஊழியருக்குக் கணக்கில் உள்ள ஈட்டிய விடுப்பில் பாதிக்குத்தான் பணம். அதுவும் 150 நாளுக்கு மேல் இல்லை. ஓய்வு பெறும் வரை காத்திருந்தால் 300 நாள் வரை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பதை எண்ணிக்கையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கல்லூரி ஆசிரியர்களுக்கோ கோடை விடுமுறை என்ற பெரிய விருந்து இருப்பதால், ஈட்டிய விடுப்பு என்ற சில்லறை அதிகம் சேராது. இதைச் சொல்லும்போது எங்கள் ஊர்ப் பெயருக்கு உரியவரின் நினைவு வருகிறது. மறைமலையடிகள் 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழாசிரியர். தமிழ் கட்டாயப் பாடம் என்ற நிலை பல்கலைக் கழகத்தில் மாறியபோது அவர் கல்லூரியை விட்டார்; ஜார்ஜ் டவுன் சந்தடியையும் விட்டுப் பல்லாவரத்துக்குக் குடிவந்தார். சுமார் முப்பத்தைந்து வயது, குடும்பம் பெரியது. அதன் பிறகு 1950-ல் காலமாகும் வரையில் மாதச் சம்பளம் என்று ஒன்றை அவர் நம்பி வாழவில்லை. புத்தகமும் பேச்சும்தான். வேடிக்கை என்னவென்றால், அவர் விட்டுவந்த கல்லூரி 1937-ல் தானும் பட்டணத்தைவிட்டுப் புறப்பட்டு, பல்லாவரத்தைத் தாண்டித் தாம்பரம் காட்டுக்கு வந்து சேர்ந்தது. அதற்கும் தெற்கே பிற்காலத்தில் ஒரு புதுநகரம் கட்டி அவர் பெயரை வைத்தார்கள். வேலையை விட்டவர் பெயரைத் தாங்கிய ஊரில் இன்று பல்லாயிரம் பேர் வேலைக்கு வருகிறார்கள்.

இந்தத் தெற்குப் புறநகர்களுக்கு வேலை வருவதும் போவதும் புதிதல்ல. குரோம் தோல் பதனிடும் தொழிற்சாலையால் குரோம்பேட்டைக்குப் பெயர் வந்தது. தொழிற்சாலை போய்ப் பெயர் நின்றது. பெருங்களத்தூர்–வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி கார் செய்தது. 1980-களின் இறுதியில் அது ஓய்ந்தது. மறைமலை நகரில் போர்டு கம்பெனியின் கார்கள் 1999-லிருந்து வெளிவந்தன. 2021 செப்டம்பரில், இந்தியாவில் இனிமேல் கார் செய்யப் போவதில்லை என்று கம்பெனி அறிவித்தது. 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. லீவு கேட்கிற தொழிலாளியைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் பேசினோம். தொழிற்சாலையே ராஜிநாமா செய்தால் அப்போதும் ஒவ்வொருவன் கணக்கிலும் மிச்சமிருந்த நாட்களை எண்ணிப் பணமாக்குவதற்கு அந்த 79-வது பிரிவு இருந்தது. ஆனால் பொங்கலுக்கு என்று எடுத்து வைத்திருந்த லீவைப் பணமாக வாங்கிக் கொள்கிறவன் பொங்கலைக் கொண்டாடுகிறான் என்று சொல்ல முடியாது.

எங்கள் தெருப் பையனிடம் நான் சொன்னது இதுதான்: "தம்பி, பழைய கம்பெனியில் நீ சேர்த்த நாள் உன்னுடையது, ஆனால் நீ விலகின அன்றே அது நாளாக இராது, ரூபாயாகிவிடும். ரூபாயைக் கொண்டு போய்ப் புதுக் கம்பெனியில் நாளாக மாற்ற முடியாது. முதலாளி நோட்டீஸ் கொடுத்து உன்னை அனுப்பினால், நீ எடுக்காத லீவை அந்த நோட்டீஸ் நாட்களில் கழிக்கக் கூடாது என்று சட்டத்தில் இருந்தது. நீயாக நோட்டீஸ் கொடுத்தால், லீவை அதில் கழித்துக் கொள்ளலாமா என்பது நீ கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. வீட்டுக்குப் போய் அதைப் படித்துப் பார். புது இடத்தில் லீவு உற்பத்தியாக மாதங்கள் ஆகும். ஆகையால் புதுக் கம்பெனிக்காரர்களிடம் கல்யாணத் தேதியை இப்போதே சொல்லு. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சொன்னால் அது செய்தி. சேர்ந்து ஒரு வாரம் கழித்துச் சொன்னால் அது குற்றம்."

"சொன்னா வேலையே போயிருமே அண்ணாச்சி?"

"போகலாம். சொல்லாமல் சேர்ந்து, கல்யாணத்தன்று சொல்லாமல் போனாலும் போகலாம்."

இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் கடிதம் எழுதினான். வேலையில் சேரும் தேதியைக் கல்யாணத்துக்குப் பிறகு வைத்துக் கொள்ளும்படி பதில் வந்தது. இடையில் பதினொரு நாள் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாதவனாக, சம்பளம் இல்லாதவனாக இருந்தான். பழைய கம்பெனி கொடுத்த லீவுப் பணம் பந்தல்காரனுக்குப் போயிற்று. இதைவிட நல்ல முடிவு இந்த மாதிரி விவகாரத்தில் அபூர்வம். அவனுக்கு வாய்த்த மேனேஜரும் ஏதோ ஒரு தங்கைக்கு அண்ணனாக இருந்திருக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை செய்கிற பிள்ளைகளின் சங்கடம் இன்னும் ஒரு படி மேல். மகேந்திரா சிட்டியிலும் சிறுசேரியிலும் பல கம்பெனிகளில் தொண்ணூறு நாள் நோட்டீஸ் என்று வைத்திருக்கிறார்கள். ரயிலில் முன்பதிவு 2024 நவம்பர் 1 வரையில் 120 நாள் முன்னதாகச் செய்யலாம். அன்றிலிருந்து 60 நாள் என்று ஆக்கிவிட்டார்கள். ஆக, இன்று ராஜிநாமா எழுதிக் கொடுக்கிறவன், தான் எந்தத் தேதியில் விடுதலையாவான் என்பதை ரயில்வே இலாகாவுக்கு முன்பே அறிந்துவிடுகிறான்; ஆனால் அந்தத் தேதிக்கு டிக்கெட் வாங்க இன்னும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். புறப்படும்போது 'விடுவிப்புக் கடிதம்' என்று ஒன்று வேறு வாங்க வேண்டும்; அதைக் காட்டாவிட்டால் அடுத்த இடத்தில் சேர்த்துக் கொள்ள மாட்டார்கள். கண்டிச் சீமைத் துண்டுச் சீட்டின் பேரன் அது என்று எனக்குத் தோன்றும். கடன் தொகை எழுதியிராது என்பது ஒரு முன்னேற்றம்தான்.

2025 நவம்பர் 21-ந் தேதி புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நான்கும் அமலுக்கு வந்தன. 1948 தொழிற்சாலைச் சட்டம் அதோடு சரித்திரத்தில் சேர்ந்துவிட்டது. 240 நாளுக்குப் பதில் 180 நாள் வேலை செய்தால் லீவு உண்டு. இருபதுக்கு ஒன்று என்ற கணக்கு அப்படியே இருக்கிறது. வருஷக் கடைசியில் லீவைப் பணமாகக் கேட்டு வாங்கவும் இடமுண்டு. வேலை மாறுகிறவனுக்கு லாபம் இரண்டு மாத உழைப்பு. நாள் ரூபாயாவது மட்டும் மாறவில்லை. 1970-ல் வந்த ஜெனிவா ஒப்பந்தம், விலகுகிற தொழிலாளிக்கு விகிதப்படி லீவு, அல்லது பணம், அல்லது அதற்குச் சமமான லீவு வரவு, மூன்றில் ஒன்று கொடுக்கலாம் என்றது. மூன்றாவதை நாம் பரீட்சித்தே பார்க்கவில்லை.

பரீட்சித்துப் பார்த்தவர்கள் உண்டு. பிரிட்டனில் கொத்தனாரும் தச்சரும் ஒரு வருஷத்தில் நாலைந்து முதலாளியிடம் வேலை செய்வார்கள். எவரிடமும் லீவுக்குப் போதுமான காலம் இருக்க மாட்டார்கள். யுத்தத்தின் நடுவே, 1942-ல், அவர்களுக்காக ஒரு பொது நிர்வாகம் ஏற்படுத்தினார்கள். வாரா வாரம் முதலாளி ஒரு லீவு ஸ்டாம்பு வாங்கித் தொழிலாளியின் அட்டையில் ஒட்ட வேண்டும். வேலை மாறினால் அட்டை அவனோடு போகும்; புது முதலாளி அடுத்த கட்டத்தில் ஒட்டுவார். லீவுக்குப் போகும்போது அட்டையில் உள்ள தொகை முழுவதும் அவனுக்கு. பெல்ஜியம் நாட்டில் இன்றும் உடலுழைப்புத் தொழிலாளிகளின் லீவுச் சம்பளத்தைக் கொடுப்பது முதலாளியல்ல, பொது நிதி.

நம் நாட்டில் அந்த அட்டைக்கு நெருங்கிய உறவாக ஒரு சிறு புத்தகம் இருந்தது. 1948 சட்டத்துக்கு மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகளில் அதைப் பற்றி வருகிறது. லீவு பெறத் தகுதியான ஒவ்வொரு தொழிலாளிக்கும் மேனேஜர் ஒரு லீவுப் புத்தகம் கொடுக்க வேண்டும். எத்தனை நாள் உழைத்தான், எத்தனை நாள் சேர்ந்தது, எப்போது கேட்டான், மறுத்தார்களா என்பதெல்லாம் அதில் ஏறும். அந்தப் புத்தகம் தொழிலாளியின் சொத்து. பதிவு செய்வதற்காக மேனேஜர் அதை வாங்கலாம். ஆனால் ஒரு தடவைக்கு ஒரு வாரத்துக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது.